ஈரியின் பக்கக் கதவு

டுலூத், மின்னசோட்டா
ஜனவரி 12

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

டெஸ்ஸா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு நுனி மட்டும் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. உன் முதுகுவலி எப்படி? அப்பா ரத்த அழுத்த மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை பழையபடி பூச்சட்டியில் புதைக்கிறாரா?

காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். இன்ஸ்டாவில் தடுத்துவிட்டாய். நாம் சேர்ந்து போட்ட பாட்டுப் பட்டியலில்கூடத் தடுத்துவிட்டாய், அங்கே தடுக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது! ஆனால் நீ தபால்காரி. தபாலைத் தடுக்கமுடியாது. சட்டம். எப்படி!

அக்கா, டுலூத்! ஏன் யாருமே சொல்லவில்லை? ஊர் நடுவே ஒரு பாலம், கப்பல் வந்தால் அப்படியே மேலே எழும்புகிறது. இந்தக் குளிர்காலத்தின் கடைசிக் கப்பல்களில் ஒன்று நேற்று வந்தது. கப்பல் ஊதுகிறது, பாலம் திருப்பி ஊதுகிறது! கரையில் ஐம்பது பேர் கை காட்டுகிறார்கள். பக்கத்திலிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன், "உள்ள உங்க ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்லம்மா. வர்றவங்களுக்குக் கை காட்டணும்ல? நீ எந்த ஊரு, இப்பிடிக் கேக்குற?"

ஈரி என்றேன். "ஓ, அந்த மீன் வீடியோ ஊரா!" என்றாள். அக்கா, நான் அழுதுவிட்டேன். பதினோரு லட்சம் பேர் பார்த்த வீடியோ. நயாகராவில் நனைந்து, நியூயார்க்கில் நசுங்கி, லாஸ் வேகாஸில் ஏமாந்து திரும்புகிற ஜனங்களுக்கு நான் ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறேன்: இரண்டாம் வரிசை ஊர்களுக்கு வாங்க! முதலில் அப்படிக் கத்தியது நம் ஊருக்காகத்தான். அதைப் பார்த்துத்தான் அந்தப் பயணப்பைக் கம்பெனி பத்து ஊருக்கு என்னை அனுப்பியிருக்கிறது.

பிறந்த ஊரைப் புகழ்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளும் ஒரே மனுஷி நீதான். ஏன் என்றாவது எழுது.

அப்பாவுக்கு முத்தம். உனக்கு, வேண்டுமென்றால்.
டெஸ்ஸா


ஈரி, பென்சில்வேனியா
ஜனவரி 24

டெஸ்ஸாவுக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனா போகவில்லை. நலம். முதுகு வலிக்கிறது. அப்பா நலம். இடுப்பளவு பனி, அதில் எட்டு மைல் நடந்து தபால் போட்டுவிட்டு வந்தால் என் தெருவுக்குத் தபால் போடும் டுவைன் உன் கடிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறான். "வாங்கு வாங்கு, பிரபலத்துக்கிட்டேர்ந்து வந்திருக்கு!" என்று இளிக்கிறான்.

ஏன் கோபம் என்று கேட்டாய். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரியவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோவில் கீழ்த்தளத்தில் அப்பா மீன் பொரிக்கிறார். இருபத்தாறு வருஷம். முன்கதவில் டிக்கெட், வரிசை, மேசை. அது யாருக்கும். சந்துப் பக்கம் இருக்கிற கதவு அப்படி இல்லை. வரிசையில் நிற்க முடியாதவர்கள், மூச்சு வாங்குபவர்கள், மனைவியைப் படுக்கையில் விட்டுவிட்டு வருபவர்கள் வீட்டிலிருந்து சொந்தப் பாத்திரம் கொண்டு வந்து தட்டுவார்கள். அப்பா முகத்தைப் பார்ப்பார், எத்தனை துண்டு என்று கேட்கமாட்டார், நிரப்பிக் கொடுப்பார். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. முப்பத்தொன்பது பேர். அவ்வளவுதான் அந்தக் கதவு.

நீ என்ன சொன்னாய்? நாலாவது நிமிஷம். எனக்கு மனப்பாடம். "கிட்ட வாங்க, உள்ளூர் ரகசியம் சொல்றேன். வரிசையில நிக்காதீங்க! சந்துல ஒரு கதவு இருக்கு. ஒரு பாத்திரத்தத் தூக்கிட்டுப் போங்க, 'காசிமிர் இருக்காரா'ன்னு கேளுங்க. அவ்ளோதான்!" அப்பா பேரையும் சொல்லிவிட்டுக் கண் வேறு அடிக்கிறாய்.

தவக்காலம் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் கோவில் அலுவலகத்துக்கு நூற்று நாற்பது போன். "எவ்ளோ பெரிய பாத்திரம் கொண்டு வரலாம்?" என்று ஒருத்தன் ஜார்ஜியாவிலிருந்து கேட்கிறான். கோவிலை நடத்துகிற பங்குப் பேரவையில் சொல்லிவிட்டார்கள், இந்த வருஷம் கைமீறினால் மீன் வெள்ளியையே மூடிவிடுவோம் என்று. மூடினால் அப்பாவுக்கு என்ன மிச்சம்? அம்மா போனபிறகு அவருக்கு ஒரு வருஷம் என்பதே ஏழு வெள்ளிக்கிழமைதான்.

சாம்பல் புதன் மார்ச் 5. அதற்குள் அந்த வீடியோவை நீக்கிவிடு.

யாரும் கண்டுகொள்ளாத ஊர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாய். நாங்கள் கண்டுகொண்டுதான் இருந்தோம்.

டோரீன்


டல்சா, ஓக்லஹோமா
பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு (எனக்குப் பேனா போகிறது),

நலமே. வெயில் அடிக்கிறது. அப்பாவுக்குப் போன் செய்தேன், வழக்கம்போல, "கேக்கல கேக்கல, நல்லாருக்கேன், வச்சிரு" என்றார். சாப்பிடுகிறாரா?

வீடியோவை எடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் முதல் வரியே அதுதான், ஈரி வீடியோ மேலே நிற்கவேண்டும். எடுத்தால் பத்து ஊரும் போய்விடும். என் வாழ்க்கையில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இது. சமூகக் கல்லூரியிலிருந்து பாதியில் வந்தவள், பேக்கரியில் இரண்டு முறை வேலை போனவள், எடிட்டிங்கைத் தானே கற்றுக்கொண்டவள். உனக்கு அரசாங்கச் சீருடை இருக்கிறது. எனக்கு இது.

ஒன்று கேட்கிறேன். நீ கிளீவ்லாந்தைத் தாண்டி எங்கே போயிருக்கிறாய்? ஒரு ஊரை வெளியிலிருந்து வந்த ஒருவன் "அட!" என்று பார்க்கும்போது அந்த ஊருக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. டல்சாவில் பார்த்தேன். செங்கல் பதித்த ஒரு வட்டம், அதன் நடுவில் நின்று பேசினால் உன் குரல் உனக்கே பெரிதாகத் திரும்பி வருகிறது, வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது. எப்படி என்று யாருக்குமே தெரியவில்லை! பெஞ்சில் இருந்த ஒரு தாத்தா சொன்னார், "நாப்பது வருஷம் இது மேலதான் நடந்து வேலைக்குப் போனேன். வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து கத்துற வரைக்கும் நான் நின்னு கேட்டதே இல்ல." பார்த்தாயா?

முப்பத்தொன்பது பேருக்கு மட்டும் திறக்கிற கதவு நல்ல கதவா? நீயே யோசி.

அப்பா கேமராவில் என்ன சொன்னார்? "வரட்டும். மீன் இருக்கு." அவர் வாயால் சொன்னார்.

முதுகுக்கு ஒத்தடம் கொடு.
டெஸ்ஸா


ஈரி
பிப்ரவரி 19

டெஸ்ஸாவுக்கு,

நலம். அப்பா சாப்பிடுகிறார்.

உன் குரல் உனக்கே கேட்கிற இடம். பொருத்தமான ஊருக்குத்தான் போயிருக்கிறாய்.

மூன்று வெள்ளிக்கிழமைக்கு மாவு, எண்ணெய், மீன் எல்லாம் இரண்டு மடங்கு சொல்லியிருக்கிறோம். அப்பா குழந்தை மாதிரி இருக்கிறார். புது ஏப்ரன் வாங்கியிருக்கிறார்.

இனி எழுதாதே.
டோரீன்


சாட்டனூகா, டென்னசி
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நலம். நீயும் அப்பாவும் நலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பார்த்தேன்! முதல் வெள்ளி! யார் யாரோ போட்ட படங்களில் பார்த்தேன். வரிசை பேக்கரி வரைக்கும்! கென்டக்கி நம்பர் பிளேட்! ஒரு பையன் பெர்ச் மீனைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறான், பின்னால் அப்பா புது ஏப்ரனில், முகம் முழுக்கச் சிரிப்பு. அக்கா, அம்மா செத்த பிறகு அந்தச் சிரிப்பை நீ பார்த்தாயா? நேர்மையாகச் சொல்.

சாட்டனூகாவில் ஆற்றின் மேல் கார் போகாத பெரிய பாலம், மனுஷர்கள் மட்டும் நடக்கிறார்கள், நாய்கள் நடக்கின்றன. இடிக்க இருந்த பாலமாம், ஊர்க்காரர்களே காசு போட்டுக் காப்பாற்றினார்களாம். நான் பார்த்தவர்களிடமெல்லாம் நம் ஊரைச் சொல்கிறேன். ஒரு தம்பதி பெரிய வெள்ளிக்கு வருகிறார்களாம்.

அப்பாவைப் போனுக்குப் பக்கத்தில் உட்காரவை. ஞாயிறு கூப்பிடுகிறேன்.
டெஸ்ஸா


ஸ்போகேன், வாஷிங்டன்
மார்ச் 23

அக்கா,

உடம்பு சரியில்லை, தூங்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அப்பா எப்படி? இரண்டு நாளாகப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

நேற்று ஒரு துண்டு வீடியோ பார்த்தேன். நம் சந்து. பக்கக் கதவு முன்னால் ஒரே கூட்டம், எல்லார் கையிலும் கடையில் வாங்கிய பளபள பாத்திரம், விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. ஓரத்தில் லெனர்ட் ஹோய்ட் தாத்தா. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் நசுங்கிய அலுமினியப் பாத்திரம். ஒரு பெண் அவரிடம் சொல்கிறாள், "தாத்தா, நாங்க எல்லாம் எவ்ளோ நேரமா நிக்கிறோம், பின்னால போங்க." சிரித்துக்கொண்டே சொல்கிறாள். என் வயசு. என் மாதிரியே முடி.

நான் உடனே புது வீடியோ போட்டுவிட்டேன், "தயவுசெய்து ஈரியின் பக்கக் கதவுக்குப் போகாதீங்க, அது முடியாதவங்களுக்கு." ஒரே நாளில் நாலு லட்சம்! எல்லாருக்கும் புரிந்திருக்கும். சரியாகிவிடும். சரியாகும்தானே?

இங்கே பூங்காவில் ஒரு இரும்பு ஆடு இருக்கிறது, குப்பையைக் காட்டினால் உறிஞ்சிக்கொள்ளும். உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

ஒரு வரி எழுது.
டெஸ்ஸா


ஈரி
மார்ச் 30

டெஸ்ஸாவுக்கு,

நலம்.

நீ போட்ட இரண்டாவது வீடியோவுக்கு நன்றி. போன வெள்ளி சந்தில் முந்நூறு பேர். "எந்தக் கதவுக்குப் போகக்கூடாதுன்னு பாக்க வந்தோம்" என்று ஒருத்தன் என் முகத்துக்கு நேரே சொன்னான். பக்கத்து வீட்டு வேலியைச் சாய்த்துவிட்டார்கள். கதவோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது துருப்பிடித்த கதவு, டெஸ்ஸா. நீ போகாதே என்று சொன்னதும் அதற்கு மகுடம் வந்துவிட்டது. நீ ஜனங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவள், இது தெரியாதா?

அதற்கு முந்தின வெள்ளிதான் லெனர்ட். அரைமணி நேரம் பனியில் நின்றார். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நான் போய் அவரை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். லெனர்ட் சொன்னார், "பரவால்லம்மா, இன்னிக்கு மீன் வேணாம், வீட்ல கொண்டுபோய் விட்டுரு." அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. முப்பத்தொன்பதில் பதினோரு பேர்தான் வந்தார்கள்.

அப்பா நலம். கொஞ்சம் ஓய்வு எடுக்கிறார். இப்போது பொரிப்பது நான்.

பெரிய வெள்ளி முடிந்ததும் பேரவை கை தூக்கி முடிவு செய்யும், மீன் வெள்ளி இருக்குமா, இருக்காதா என்று.

உன் இரும்பு ஆட்டிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.
டோரீன்


பாய்சி, ஐடஹோ
ஏப்ரல் 4

அக்கா,

ஓய்வா? அப்பாவா? தவக்காலத்திலா? நிமோனியாவோடு நின்று பொரித்த மனுஷன். என்னை என்னவென்று நினைத்தாய்?

என் பிறந்தநாள் அட்டை வந்தது. ஒவ்வொரு வருஷமும் பதினொரு வரி எழுதுவார், சாய்ந்த எழுத்து, கடைசி வரி இடமில்லாமல் ஓரத்தில் ஏறும். இந்த வருஷம் உறைமேல் உன் கையெழுத்து. உள்ளே இரண்டே எழுத்து, கோழி சேற்றில் நடந்த மாதிரி. அவர் வலது கையால் எழுதவில்லை.

என்ன ஆயிற்று? நலம் நலம் என்று எழுதாதே. என் அப்பாவும்தான் அவர்.

டெஸ்ஸா


ஈரி
ஏப்ரல் 8

டெஸ்ஸாவுக்கு,

சரி. கேள்.

மார்ச் 21. லெனர்ட் வரிசையில் பின்னால் போவதை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையில் பொரிக்கிற கூடை, எண்ணெய்க்கு மேலே. கொக்கியில் மாட்டவில்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் மாட்டாமல் திரும்பியதில்லை. "டேய், அவரை விடுங்கடா!" என்று கத்திக்கொண்டே திரும்பினார், கூடை அப்படியே எண்ணெயில் விழுந்தது. தெறித்த எண்ணெயில் வலது கை வெந்துவிட்டது, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை. "அடுப்ப அணை, டோரீன், ஜனங்க இருக்காங்க" என்றார். பதினாலு நாள் ஆஸ்பத்திரி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கட்டைவிரல் அசையும். மற்ற விரல்கள் மடங்காதாம்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் சொல்லத்தான் இருந்தேன். உன்னை உலுக்கவேண்டும் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆம்புலன்ஸில் அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"சின்னவகிட்ட சொல்லாத. சொன்னா அந்த வீடியோவ எடுத்துருவா. பதினோரு லட்சம் பேரு என் மீனப் பாத்திருக்காங்க, டோரீன்."

இருபது வருஷம் பக்கத்தில் நின்று நான் மாவில் தோய்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்தது எண்ணிக்கையில் வரவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. வரவேண்டாம். பெரிய வெள்ளிக்கு நான் அடுப்பில், பக்கக் கதவில் நிற்க ஆளில்லை. அதற்காக வரவேண்டாம்.

டோரீன்


பாய்சி
ஏப்ரல் 11

டோரீனுக்கு,

எனக்கும் பேனா போகவில்லை.

பதினெட்டு நாள். பதினெட்டு நாள் என் அப்பாவின் கை வெந்துபோய்க் கிடக்க, நான் ஒரு இரும்பு ஆட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லாதே என்றால் நீ சொல்லாமல் இருப்பாயா? அவர் சொன்னது உனக்கு வசதியாகப் போயிற்று. என்னைத் தண்டிக்க உனக்கு ஒரு ரகசியம் கிடைத்தது.

வீடியோ இரண்டையும் எடுத்துவிட்டேன். அப்பா கோபப்படுவார், படட்டும். கம்பெனிக்காரன் இருபது நிமிஷத்தில் போன் செய்தான், இன்றோடு முடிந்தது என்றான். பிரயோஜனம் இல்லை என்றும் தெரியும். மற்றவர்கள் எடுத்து ஒட்டிய பிரதிகள் நாற்பதாவது இருக்கும், என் குரலில், என் கண்ணடிப்போடு.

பேருந்தில் இரண்டரை நாள். வருகிறேன். உனக்காக இல்லை.

டெஸ்ஸா


ஈரி
மே 6

டெஸ்ஸாவுக்கு,

நலம். அப்பாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று.

பெரிய வெள்ளியன்று நாம் பேசியது மொத்தம் ஆறு வார்த்தை இருக்கும், அதில் நாலு "தள்ளு." அன்றே சொல்லாமல் டொலீடோவுக்குப் பேருந்து ஏறிவிட்டாய். அதனால் நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நீ நின்றாய். ஒத்துக்கொள்கிறேன். ஆறு மணி நேரம், சாரல் மழை, நானூறு பேரைத் திருப்பி அனுப்பினாய். சுற்றுலாப் பேருந்து இரண்டு வந்தது, அதிலிருந்து இறங்கியவர்கள் உன்னை அடையாளம் கண்டு, "ஏய், நீதானே அந்தப் பொண்ணு! நீயே போகச் சொல்லிட்டு நீயே மறிக்கிறியே!" என்று சிரித்தார்கள். ஒருத்தன் உன் முகத்துக்கு நேரே போனை நீட்டினான். நீ நகரவில்லை.

பிறகு வாண்டா குபியாக் வந்தாள். எண்பத்தெட்டு வயசு. கண் ஆபரேஷன் ஆகிக் கறுப்புக் கண்ணாடி, பேரன் வாங்கிக்கொடுத்த சிவப்புக் கோட்டு, பழைய பாத்திரம் ஓட்டையாகிவிட்டதால் புதுப் பாத்திரம். நீ என்ன சொன்னாய்? "மேடம், முன்கதவு அந்தப் பக்கம்." அவள் உன் ஞானஸ்நானத்துக்கு ரொட்டி சுட்டவள், டெஸ்ஸா. திரும்பி நடந்தாள். அதே நிமிஷம் ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு தம்பதியை உள்ளே விட்டாய், அவர்கள் பழைய சாமான் கடையில் நசுங்கிய பாத்திரமாகத் தேடி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நீ பாத்திரத்தைப் பார்த்தாய்.

உலகத்துக்கே கதவைக் காட்டியவளுக்கு அந்தக் கதவால் யார் வருவார்கள் என்று தெரியவில்லை.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சந்தில் ஓடினார். "வாண்டா! ஏய் வாண்டா! திரும்பு, இது நம்ம சின்னதுதான், கழுத, ஆளத் தெரியல அதுக்கு!" பிறகு கடைசிவரை உன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேராகச் சொன்னார். நீ தலையாட்டினாய். அழுதாய் என்று நினைக்கிறேன், மழையில் தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை பேரவை. ஏழு பேர். அப்பாவின் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். இருக்கட்டும் என்று மூன்று கை. மூடிவிடலாம் என்று மூன்று கை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா எதிரே சுவரோரமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், நான் என்ன செய்வேன் என்று தெரிந்த மாதிரி.

மூடச் சொல்லிக் கை தூக்கினேன்.

ஆமாம், நான்தான். நீ ஆரம்பித்தாய், முடித்தது நான். இருபத்தாறு வருஷத்தை என் கையாலேயே. அந்த முன்கதவையும் பக்கக் கதவையும் இனி யாரிடமிருந்தும் திருப்பி வாங்க முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்பா நாலு நாள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் காலை மாடி ஏறி வந்து வாசலில் நின்றார். "முப்பத்தொம்பது பேருக்குன்னா எவ்ளோ எண்ணெ பிடிக்கும்?" என்று கேட்டார்.

தவக்காலம் முடிந்துவிட்டது. இருந்தாலும் போன வெள்ளிக்கிழமை பொரித்தோம். நான் பொரித்தேன், அவர் திட்டினார். லெனர்ட் வந்தார். வாண்டா வந்தாள். பலகை இல்லை, டிக்கெட் இல்லை, கோவில் இல்லை. வருகிற வெள்ளியும் உண்டு.

எங்கே என்று உனக்குச் சொல்லமாட்டேன். யாருக்குச் சொன்னாலும் உனக்குச் சொல்லமாட்டேன்.

டோரீன்


டொலீடோ, ஒஹாயோ
மே 25

டோரீன் அக்காவுக்கு,

நலம். ஒரு உணவகத்தில் தட்டு கழுவுகிறேன். கை வறண்டு வெடிக்கிறது, மற்றபடி குறையில்லை. உன் முதுகுக்கு இந்த வெயில் இதமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவின் விரலுக்குத் தினமும் பயிற்சி கொடுக்கிறாயா? வலிக்குது என்று ஏமாற்றுவார், விடாதே.

நீ மூடினாய் என்று படித்ததும் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். மறுநாள் எடுத்து நீவினேன். இன்னும் கோபம்தான். வாண்டா விஷயத்தில் என்மேல், மற்றதெல்லாம் உன்மேல்.

ஒன்று சொல்லவேண்டும். மறைத்தால் நான் நீயாகிவிடுவேன்.

போன ஞாயிறு அப்பாவே போன் செய்தார். இரண்டாவது நிமிஷத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். எந்த வீடு, எந்தப் பக்கம், எத்தனை மணி.

"அப்பா, மெதுவாப் பேசுங்க, அக்கா காதுல விழப்போவுது!"

"அவ மாடியில தூங்குறா. நீ வெள்ளிக்கெழம வந்துரு. அவ கெடக்குறா."

"அவ என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இருக்காப்பா."

"என் வீட்டு மீனு. நான் சொல்றேன்." பிறகு, "அந்த வீடியோவ ஏன் எடுத்துட்ட?" என்றார். "நல்லாருந்துச்சு அது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆக எனக்குத் தெரியும். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏழு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. என்கூடத் தட்டு கழுவுகிற பெண் கேட்கிறாள், "உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?" ஏரி இருக்கிறது என்றேன். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்த வாக்கியம் வேறில்லை.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. பேருந்து நிலையம் வரை போனேன். மூன்று மணி நேரப் பயணம், நாலு மணிக்குள் வந்து சேர்ந்திருக்கலாம். பேருந்து கிளம்புகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கிளம்பியது, திரும்பி வேலைக்குப் போனேன். அப்பா கூப்பிட்டது போதவில்லை.

நீ கூப்பிடும்வரை வரமாட்டேன். கூப்பிடமாட்டாய் என்றும் தெரியும்.

டெஸ்ஸா